அண்ணி பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கலாமா?

கேள்வி: "எங்களுது கே.வி.குப்பம் பக்கத்துல ஒரு கிராமம். அண்ணி பிளஸ் டூ படிச்சவங்க, மகளிர் குழுவுல ரொம்ப வருஷமா ஊக்குநர். அடுத்த பஞ்சாயத்துத் தேர்தல்ல தலைவருக்கு அவங்களை நிக்கவைக்கலாம்னு ஊர்ல பேச்சு. அண்ணன், 'அவ பேருக்கு நிக்கட்டும், மத்தத நான் பாத்துக்கிறேன்'ங்கிறார். பெண்கள் அரசியலுக்கு இப்படித்தான் வரணுமா? 33 சதவீதச் சட்டம் வந்துட்டா எல்லாம் மாறிடாதா?"

பதில்:

அண்ணி தாராளமாக நிற்கட்டும். உங்கள் அண்ணன் சொல்லும் ஏற்பாட்டில் மட்டும் நிற்க வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும். வேலூர் மாவட்டத்து ஒன்றியங்களில் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் நடக்கும் பயிற்சி வகுப்புகளில் பல வருடம் பேசியவன் நான். அதனால் சட்டப் புத்தகத்தில் இல்லாத சிலதும் இதில் வரும்.

முதலில் 33 சதவீதக் கதை. 2023 செப்டம்பரில் நிறைவேறிய 106-வது அரசியல் சட்டத் திருத்தம் மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் உரியது. அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. சட்டம் அமலுக்கு வந்தபின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்து, தொகுதிகளை மறுவரையறை செய்த பிறகே ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும் என்று அந்தத் திருத்தத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். 1996-ல் முதல்முறை மசோதாவாக வந்தது, 2010-ல் மாநிலங்களவையில் மட்டும் தேறியது, 2023-ல்தான் இரு அவையும் தாண்டியது. 27 வருடம் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது இன்னொரு காத்திருப்பு.

உங்கள் அண்ணி நிற்கப்போகும் பஞ்சாயத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. பஞ்சாயத்துகளுக்கென்று வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்தது. அதை ஒட்டி 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்து, 1996-ல் நடந்த உள்ளாட்சித் தேர்தலிலிருந்தே மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கீடு இருந்தது. 2016-ல் ஜெயலலிதா ஆட்சியில் அது 50 சதவீதம் ஆனது. அந்த வருடம் அறிவித்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, பிறகு மாவட்டப் பிரிப்பும் சேர்ந்துகொள்ள, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்கு ஊரகத் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. ஐம்பது சதவீதம் நம் ஊர்க்காரர்கள் கண்ணுக்குத் தெரிந்தது அப்போதுதான். வேலூர் மாவட்டத்தின் 7 ஒன்றியங்களில் 247 பஞ்சாயத்துகள். அவற்றில் சரிபாதித் தலைவர் பதவி பெண்களுக்கு.

ஆக, கீழ்மட்டத்தில் நாற்காலி வந்துவிட்டது. மேலே பாருங்கள். வேலூர் மக்களவைத் தொகுதியில் முதல் பொதுத்தேர்தலிலிருந்து 2024 வரை ஜெயித்தவர்களில் ஒரு பெண் கூட இல்லை. பக்கத்து அரக்கோணத்திலும் அதே கதைதான். 2021-ல் அமைந்த தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 பேரில் பெண்கள் 12. அந்தத் தேர்தலில் வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் கிட்டத்தட்ட பத்து லட்சம் அதிகம். ஓட்டுப்போட வரிசையில் நிற்பதில், உரிமைத்தொகை வாங்குவதில், மாநாட்டுக்கு வேன் ஏறுவதில் எல்லாக் கட்சிக்கும் பெண்கள் வேண்டும். வேட்பாளர் பட்டியலை எழுத உட்காரும்போதுதான் பேனாவில் மை தீர்ந்துவிடுகிறது. தொகுதிகளில் சரிபாதியைப் பெண்களுக்கென்று கொடுத்துவருவது நாம் தமிழர் கட்சி. அந்தக் கட்சியின் அரசியல் எனக்கு ஒப்பாத விஷயம், ஆனால் இந்த ஒன்றில் மற்றவர்கள் அதைப் பார்த்து வெட்கப்படலாம்.

வட ஆற்காட்டில் விதிவிலக்குகளும் உண்டு. அவற்றைக் கவனித்தால் வழி எங்கே திறக்கிறது, எங்கே அடைபடுகிறது என்பது புரியும். குடியாத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சரான பிறகு 1954-ல் காமராஜர் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்த ஊர் என்றுதான் எல்லோரும் பெருமை பேசுவார்கள். அதே குடியாத்தம் 2006-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் ஜி.லதாவையும், 2016-ல் அ.தி.மு.க.வின் ஜெயந்தி பத்மநாபனையும், 2021-ல் தி.மு.க.வின் அமலு விஜயனையும் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. மூன்று கட்சி, மூன்று பெண்கள். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நெசவு, பீடி, தீப்பெட்டி என்று பெண்கள் கூலி வாங்கிக் கூலிக்காகச் சண்டையும் போட்ட ஊர் அது. மேடையில் பெண் ஏறினால் அங்கே யாரும் வாயைப் பிளப்பதில்லை.

வாணியம்பாடியின் நிலோபர் கபீல் கதை இன்னும் முக்கியம். நகராட்சித் தலைவராக இருந்தவர், 2016-ல் எம்.எல்.ஏ., உடனே தொழிலாளர் நலத்துறை அமைச்சர். உள்ளாட்சியில் பழகியவர் மாநில அளவுக்கு ஏற முடியும் என்பதற்கு நம் பகுதியில் கையைக் காட்டிச் சொல்லக்கூடிய ஆள் அவர்தான். 2021-ல் அவருக்கு சீட் இல்லை. வேலூர் மாநகராட்சியின் முதல் பெண் மேயர் கார்த்தியாயினி 2011-ல் மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர். அவருக்கு மக்களவை சீட் கிடைத்தது 2024-ல், வேறு கட்சியில், அதுவும் சிதம்பரத்தில். ஊரறிந்த ஒருவருக்கு ஊரில் இடம் இல்லை. இப்போதைய மேயர் சுஜாதா ஆனந்தகுமார். 2022-ல் அதே மாமன்றத்துக்கு 37-வது வார்டிலிருந்து திருநங்கை கங்கா நாயக் தி.மு.க. சார்பில் ஜெயித்து வந்தார். ஓட்டுப்போடுகிறவர்களுக்கு இதில் பெரிய தயக்கம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? தயக்கமெல்லாம் சீட்டு எழுதுகிறவர்களிடம்.

வேலூருக்கும் பெண்கள் அரசியலுக்கும் இன்னொரு பழைய உறவும் உண்டு, சிறை. கடலூர் அஞ்சலையம்மாள் 1930-களின் தொடக்கத்தில் வயிற்றுப் பிள்ளையோடு வேலூர் சிறைக்கு வந்தார். பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். பெற்றெடுத்த கொஞ்ச நாளிலேயே திரும்ப உள்ளே போனார். அந்தப் பிள்ளைக்கு ஜெயில் வீரன் என்று பெயர். 1937-ல் அவர் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். ஜெயிலுக்குப் போகும்போது 'பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்' என்று கேட்டவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

சரி, உங்கள் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். 'மத்தத நான் பாத்துக்கிறேன்' என்றால் என்ன? ஒன்றிய அலுவலகத்தில் தலைவர்கள் கூட்டம் நடக்கும் நாளில் போய்ப் பாருங்கள். பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) பஞ்சாயத்துப் பெயரை வாசிப்பார். முன்வரிசையில் வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து, 'நாலாவது வார்டுல மோட்டார் ரிப்பேர் சார்' என்பார். தலைவர் பின்வரிசையில் ஹேண்ட்பேக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வருகைப் பதிவேடு வரும்போது மட்டும் நோட்டு பின்னால் போகும். அதிகாரிகளுக்கும் இது வசதி. ஃபோன் நம்பர் கேட்டால் வீட்டுக்காரர் நம்பரைத்தான் எழுதிக்கொள்வார்கள்.

கேலி செய்ய இதைச் சொல்லவில்லை, அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பஞ்சாயத்துக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கவும் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இப்போது பல திட்டங்களுக்கு அது டிஜிட்டல் கையெழுத்து, சின்ன யு.எஸ்.பி. டோக்கன். டோக்கன் அண்ணன் பாக்கெட்டில், ஓ.டி.பி. அண்ணன் ஃபோனில் என்றால், நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வரும்போது நோட்டீஸ் அண்ணி பெயருக்குத்தான் வரும். கலெக்டர் விளக்கம் கேட்பதும், கையெழுத்து அதிகாரத்தைப் பறிப்பதும், பதவி நீக்க நடவடிக்கை எடுப்பதும் அவர் மேல்தான். சட்டத்தின் கண்ணுக்கு அண்ணன் யாரோ ஒருவர். இந்த ஒன்றை உங்கள் அண்ணனிடம் எடுத்துச் சொல்லுங்கள். பெண்ணுரிமை பேசி மசியாதவர்கள் ஆடிட் என்றால் யோசிப்பார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒருவரையும் பார்த்திருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். எட்டாவது வரை படித்தவர், ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர். காலையில் கம்பெனி வேன் பிடித்துப் போய் ராத்திரி திரும்பிய வாழ்க்கை. தலைவரானதும் முதல் சிமென்ட் ரோடு பில் வந்தது. எம்.புக்கைக் காட்டுங்கள் என்றார். ஓவர்சியர் சிரித்தார். 'அளவு புஸ்தகம் உங்களுக்குப் புரியாதும்மா, கையெழுத்து போடுங்க.' அவர் டெய்லர் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். பின்னாடியே பத்துப் பிள்ளைகள். அகலம் இரண்டு இடத்தில் குறைவு. திரும்பிப் போட்டுக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து. கம்பெனியில் தோல் அளந்து வெட்டிய பழக்கம், வேறொன்றும் இல்லை என்றார். அடுத்த கிராம சபையில் பெண்கள் கூட்டம் தானாக வந்தது, ரோட்டைப் பற்றிக் கேள்வி கேட்க.

படிப்பு இல்லாததால்தான் பெண்கள் பொம்மையாகிறார்கள் என்ற பேச்சை அதற்குப் பிறகு நான் விட்டுவிட்டேன். பி.எட். படித்தவர் பின்வரிசையில் உட்கார்ந்ததையும் பார்த்திருக்கிறேன்.

கவனிக்க வேண்டிய இன்னொரு பதவி துணைத்தலைவர். தலைவர் பதவி பெண்ணுக்கோ, பட்டியல் சாதியினருக்கோ ஒதுக்கப்பட்டால், ஊர்ப் பெரிய வீடுகள் பேசாமல் வார்டுகளில் ஆட்களை நிறுத்தி, வார்டு உறுப்பினர்கள் ஓட்டுப்போடும் துணைத்தலைவர் பதவியைப் பிடித்துவிடும். செக்கில் பாதிக் கையெழுத்து அங்கே. 'துணை கையெழுத்து போடல, அதான் தண்ணி வரல' என்ற வசனத்தை எத்தனை ஊரில் கேட்டிருக்கிறேன்! 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்கு திட்டையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்துவிட்டு உறுப்பினர்கள் நாற்காலியில் உட்கார்ந்த படம் ஊரெல்லாம் பரவியதே, அங்கேயும் வழக்கு துணைத்தலைவர் மேல் பாய்ந்தது. நம் பக்கத்திலும் ஆம்பூரை ஒட்டிய நாயக்கனேரி மலைப் பஞ்சாயத்தில் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. 2021-ல் போட்டியின்றித் தேர்வானவர் ஊர் எதிர்ப்பாலும் வழக்காலும் பதவியேற்க முடியாமல் நின்றார். பட்டியல் சாதி, பழங்குடிப் பிரதிநிதியின் பணியைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியே குற்றம், 2015 திருத்தத்தில் தெளிவாகச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் புகார் எழுத ஸ்டேஷனுக்குப் போகும் துணிச்சலுக்குப் பின்னால் ஆள் வேண்டும்.

அதனால் அண்ணி மட்டும் நிற்பது போதாது. குழுவிலிருந்து நாலைந்து பெண்களையாவது வார்டு உறுப்பினருக்கு நிறுத்துங்கள். துணைத்தலைவரை முடிவு செய்வது அவர்கள் ஓட்டுத்தான். ஒதுக்கீடு இல்லாத வார்டில் பெண் நிற்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் ஊரில் கேட்டால் 'அது ஆம்பளைங்க வார்டு' என்பார்கள். மகளிர் குழுக்காரர்களுக்குக் கணக்கு, தீர்மானம், வங்கி, ஆபீசரோடு பேசுவது எல்லாம் கைவந்த வேலை. பத்து வருடம் தீர்மான நோட்டு எழுதியவருக்குப் பஞ்சாயத்துத் தீர்மானப் புத்தகம் புதிதல்ல.

தமிழ்நாட்டில் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு. ஒதுக்கீட்டுச் சுழற்சி வழக்கமாக இரண்டு தேர்தலுக்கு ஒருமுறைதான் மாறும். அதாவது ஒரு பெண்ணுக்கு அதே இடத்தில் இரண்டாம் முறையும் வாய்ப்பு உண்டு. (மறுவரையறை வந்தால் மாறலாம், அரசிதழைப் பார்க்காமல் யார் பேச்சையும் நம்பாதீர்கள்.) என்னைக் கேட்டால் ஒரு பஞ்சாயத்தில் பெண்கள் வளர்ந்தார்களா என்று பார்க்க வேண்டியது சுழற்சி முடிந்து பதவி பொதுவுக்குப் போன பிறகுதான். அப்போதும் அந்தப் பெண் மனு போடுகிறாரா? போட்டால் ஊர் ஓட்டுப்போடுகிறதா? பெரும்பாலும் வீட்டிலேயே 'ரெண்டு தடவை இருந்தாச்சு, போதும்' என்று முடித்துவிடுகிறார்கள். அனுபவம் எல்லாம் அடுப்படிக்குத் திரும்பிவிடுகிறது.

திரும்பாமல் மேலே போக வேண்டுமென்றால் கட்சி வேண்டும். அங்கேதான் பெரிய அடைப்பு. பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது, ஒன்றியக் கவுன்சிலரிலிருந்துதான் சின்னம். அந்த இடத்திலிருந்து சீட்டு ஒன்றியச் செயலாளர், மாவட்டச் செயலாளர் கையில். எல்லாக் கட்சியிலும் மாவட்டச் செயலாளர் பட்டியலை வாசித்துப் பாருங்கள். தூத்துக்குடி வடக்குக்குத் தி.மு.க.வில் கீதா ஜீவன் மாதிரி ஒரு பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். பெண்களுக்கென்று மகளிர் அணி இருக்கிறதே என்பார்கள். மகளிர் அணியில் இருப்பவர் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பார், ஆரத்தி எடுப்பார். வேட்பாளரை முடிவு செய்யும் அறைக்குள் அவருக்கு நாற்காலி இருக்காது. ஒரு பெண் முதலமைச்சரை இத்தனை வருடம் பார்த்த மாநிலம் இது. உச்சியில் ஒருவர் இருந்தார் என்பதால் நடுவில் இருக்கும் படிகள் தானாக முளைத்துவிடவில்லை.

பணமும் உண்டு. மக்களவைத் தேர்தலில் ஒரு வேட்பாளர் 95 லட்சம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம் வரை செலவழிக்கலாம் என்பது 2022-ல் வந்த உச்சவரம்பு. உண்மையில் என்ன ஓடுகிறது என்பது வேலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2019 ஏப்ரலில் பணம் பிடிபட்டதால் மக்களவைத் தேர்தலே ரத்தான தொகுதி நம்முடையது. ஆகஸ்டில்தான் நடந்தது. பெயரில் நிலமோ வீடோ இல்லாத, கடன் வாங்கவும் வீட்டு ஆணின் கையெழுத்து தேவைப்படும் பெண்ணை இந்தச் சந்தையில் எந்த மாவட்டச் செயலாளர் 'ஜெயிக்கிற கேண்டிடேட்' என்பார்? அதனால் சட்டமன்ற ஒதுக்கீடு வந்த பிறகும் முதல் சுற்றில் தலைவர்களின் மனைவி, மகள், மருமகள்தான் வரிசையில் நிற்பார்கள் என்று நினைக்கிறேன். வரட்டும். பஞ்சாயத்திலும் முதலில் அப்படித்தான் வந்தார்கள், அதில் சிலர் டேப் எடுத்துத் தெருவில் இறங்கினார்கள்.

அண்ணி இப்போதிருந்தே செய்ய வேண்டியது: வாக்காளர் பட்டியலில் பெயர் உங்கள் பஞ்சாயத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கல்யாணமாகி வந்த பல பெண்களின் பெயர் இன்னும் அம்மா வீட்டில்தான் கிடக்கிறது. மாற்ற படிவம் 8. வீட்டு வரி, தண்ணீர் வரி பாக்கி இல்லாமல் ரசீது வைத்துக்கொள்ளட்டும். கட்சியில் சேர எண்ணமிருந்தால் மகளிர் அணிக்கு முன் பூத் கமிட்டியில் பெயர் கொடுக்கட்டும். பூத் ஏஜென்டாக ஒருமுறை உட்கார்ந்தவருக்கு எந்தத் தெருவில் எத்தனை ஓட்டு, யார் சொன்னால் யார் கேட்பார் என்பது கைவிரலில் இருக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாளும் கிராம சபை. ஒன்றையும் விடாமல் போய் ஒரு கேள்வியாவது கேட்கட்டும், தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்றும் பார்க்கட்டும். மனுவில், வங்கியில், ஒன்றிய அலுவலகத்தில் எங்கே ஃபோன் நம்பர் கேட்டாலும் அவருடைய நம்பர்தான்.

அண்ணனுக்கும் வேலை இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பட்டும், பிரச்சாரத்துக்கு வண்டி ஓட்டட்டும், வாக்கு எண்ணும் இடத்தில் ஏஜென்டாக உட்காரட்டும். ஒன்றிய அலுவலகக் கூட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே டீ குடிக்கட்டும்.

டெபாசிட் பெரிய தொகையில்லை. 2021-ல் பஞ்சாயத்துத் தலைவருக்கு 600 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று வருடம் தேர்தலில் நிற்கத் தடை வரும். தோற்றவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், இனி என்ன இருக்கிறது என்று விட்டுவிடுவதால். முதல் தடவை தோற்க வாய்ப்பு நிறைய உண்டு. ஆகவே மனு போட்ட நாளிலிருந்தே பில்லையெல்லாம் ஒரு நோட்டில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.